நாடியிற் படியும் சுண்ணம்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்கி வருகின்றனர். நகரமும் கடைத்தெருவும் பெரியாஸ்பத்திரியும் கடற்பக்கமாக அமைந்திருக்க, வயல்வெளிகளும் மேய்ச்சல் நிலங்களும் மாட்டுப்பட்டிகளும் படுவான்கரையின் உடைமைகளாயின. கொக்கட்டிச்சோலையைச் சார்ந்த ஊரவர் நகருக்குச் செல்லவேண்டின், ‘பாதை’ என்று அவர்கள் அழைக்கும் மிதவையிலே மண்முனைத் துறையைக் கடக்கவேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. 2014 ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் அத்துன்பம் தீர்ந்தது.

அப்பாலத்தினைக் கிழமைக்கு இருமுறை, நிலம் வெளுக்குமுன்னரே கடந்து செல்லும் முதியவர் ஒருவர் படுவான்கரையில் வாழ்கின்றார். ஊரவர் அவரைப் போடியார் என்றே அழைப்பர். அப்பெயருக்குரிய பரந்த வயல்கள் இன்று அவரிடம் இல்லை. மகளுக்குச் சீதனமாக எழுதிய வீட்டிலே, அந்நாட்டு வழமைப்படி, மகளோடும் மருமகனோடும் வாழ்ந்து வருகின்றார். நீரிழிவு அவரைப் பதினைந்து ஆண்டுகளாகப் பற்றியிருந்தது. உயர் குருதியமுக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது. உலகெங்கணும் சிறுநீரகங்களைக் கெடுப்பனவற்றுள் முன்னிற்பவை இவ்விரண்டுமே. அவருடைய சிறுநீரகங்கள் ஓசையின்றி ஓய்ந்தன. இரண்டு ஆண்டுகளாக இயந்திரமே அவருக்குச் சிறுநீரகமாயிற்று. வைத்தியர்கள் டயலிசிஸ் என்பதனை ஊரவர் ‘இரத்தம் கழுவுதல்’ என்பர். சொல் எளிது, பொருளும் பிழையன்று. மயிரிழை போன்ற பல்லாயிரம் நுண்குழாய்களினூடே குருதி செல்ல, அக்குழாய்களின் புறத்தே தூய கரைசல் எதிர்த்திசையில் ஓடும். இடையேயுள்ள மென்சுவரினூடே யூரியா முதலிய கழிவுகளும் மிகையான நீரும் வெளியேறும். நான்கு மணி நேரம் கழிந்தபின் அவர் எழுந்து, களைத்த உடலோடு மீண்டும் பாலத்தைக் கடப்பார்.

சிகிச்சைக்கு வருவோரிடையே ஒருவகை உறவு தோன்றிவிடுகின்றது. ஒரே நாளில், ஒரே நேரத்தில், அருகருகே கட்டில்களிற் கிடப்பவர்கள் ஒருவர் மற்றவரின் நெல் விலையையும் பிள்ளைகளின் பரீட்சையையும் அறிவர். போடியாரின் பக்கத்துக் கட்டிலுக்கு வருபவர் அவரிலும் இருபது வயது இளையவர். வாவியிலே வலைவீசிப் பிழைத்தவர். ஒரு நாட் காலை அக்கட்டில் வெறுமையாயிருந்தது. முந்திய இரவு, உறக்கத்திலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது என்றனர். செத்தவீட்டிலே கூடியிருந்தோர் தத்தமக்குத் தெரிந்த காரணத்தைக் கூறினர். நகரத்திலிருந்து வந்த உறவினர் ஒருவரோ திட்டமாகச் சொன்னார்: “எல்லாம் கொழுப்புத்தான். இரத்தக்குழாய் அடைச்சிருக்கும். தேங்காய்ப்பால், முட்டை, மீன் எல்லாத்தையும் விட்டா மனிசன் பிழைச்சிருப்பான்.”

அந்தச் சொல் போடியாரின் வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. மகள் அன்றே அடுக்களையைத் திருத்தியமைத்தாள். பாற்சொதி நின்றது. முட்டை நின்றது. வாவியிலிருந்து துள்ளத்துடிக்க வரும் மணலையும் திரளியும் வாசலோடு திரும்பின. சோறும் கீரையும் வெறுங்குழம்புமே அவருக்கு உணவாயின. சோறு உள்ளே இறங்க மறுத்தபோது, எண்ணெய் படாதது என்ற நம்பிக்கையிற் சுட்ட நெத்தலிக் கருவாடு இரண்டொன்றை அவள் இலையோரத்தில் வைப்பாள். தந்தையும் மறுப்புரை சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலின் வெறுமை அவர் கண்முன் நின்றது. சாவை ஒத்திவைப்பதற்காக நாவைக் கட்டுவது அவருக்குப் பெருந்தியாகமாகத் தோன்றவில்லை.

சில மாதங்கள் சென்றன. குருதிப் பரிசோதனையின் விடைத்தாள் வந்தது. கொலஸ்திரோல் 118 என்றிருந்தது. முன்னர் அது 160ஐத் தாண்டியிருந்தது. “அப்பா, கொழுப்பு நல்லாக் குறைஞ்சு போச்சு” என்று மகள் மலர்ந்த முகத்தோடு படித்துக் காட்டினாள். அடுத்த சிகிச்சை நாளில் அத்தாளினை வைத்தியரிடம் ஒரு வெற்றிப் பத்திரம்போல நீட்டினாள். வைத்தியரோ அந்த இலக்கத்தின்மேற் கண்ணை நிறுத்தவில்லை. அதற்குக் கீழே, குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் லீற்றருக்கு 29 கிராமாகக் குறைந்திருந்தது, பொசுபரசு 7.4 மில்லிகிராமாக ஏறியிருந்தது. பின்னர் அவர் போடியாரின் தளர்ந்து தொங்கிய சட்டையைப் பார்த்தார். “ஐயா, நீங்க சாப்பிடுறது காணாது” என்றார். போடியார் திகைத்தார். “குறைச்சுச் சாப்பிட்டாத்தானே நல்லம் எண்டாங்க, டொக்டர்?”

இவ்வினா அவரொருவருடைய வினா அன்று. கொழுப்பைக் குறைத்தால் நாடி காக்கப்படும் என்பது படித்தவர் பாமரர் எல்லாரும் ஏற்றுக்கொண்ட பாடம். அப்பாடம் பிறந்த வரலாற்றை நோக்கினால் அது பொய்யன்று என்பது தெளிவாகும். 1913 ஆம் ஆண்டிலே ரஷ்ய நாட்டு ஆய்வாளர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி அவற்றின் நாடிகளிற் கொழுப்புப் படிவதைக் காட்டினார். அமெரிக்காவின் பிராமிங்காம் நகரிலே 1948 இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்தோருக்கு இதயநோயும் மிகுதியாக வருதலை மனிதரிடத்தே கண்டது. யப்பானியரான அகிரா எண்டோ ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து, கொலஸ்திரோலாக்கத்தைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1976 இல் வெளியிட்டார். ஸ்ரற்றின் என்னும் மருந்தினத்துக்கு அதுவே மூலம். ஈரல் எவ்வாறு அக்கொழுப்பைக் குருதியிலிருந்து பற்றிக்கொள்கின்றது என்பதை விளக்கிய பிறவுன், கோல்ட்ஸ்ரைன் என்னும் இருவருக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்ரற்றின் மருந்துகளாற் காக்கப்பட்ட உயிர்கள் எண்ணில. ஆயினும், ஓர் உண்மை எவ்வுடலிற் கண்டறியப்பட்டதோ அவ்வுடலுக்கே முதலில் உரியது. வேறோர் உடலுக்கு அதனை எடுத்துச் செல்லும்போது மீண்டும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

டயலிசிஸின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. செயற்கைச் சிறுநீரகத்தினை வில்லெம் கொல்ஃப் 1943 இல், போர்க்காலத்து நெதர்லாந்திலே அமைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக நாடியைத் திறக்கவேண்டியிருந்தமையால் நெடுநாட் சிகிச்சை இயலாததாயிற்று. 1960 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலே நிலையாக இருக்கும் குழாயொன்றைப் பொருத்தி அத்தடையை நீக்கினார். அம்முறையில் முதலிற் பிழைத்த நோயாளரான கிளைட் ஷீல்ட்ஸ் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971 இல் அவர் இறந்தது சிறுநீரகத்தால் அன்று, மாரடைப்பால். 1974 இல் ஸ்கிரிப்னரும் அவருடைய துணைவர்களும், நெடுங்காலம் டயலிசிஸ் செய்வோருடைய நாடிகள் விரைந்து முதிர்கின்றன என்னும் செய்தியை வெளியிட்டனர். இயந்திரம் சிறுநீரகத்தின் வேலையைச் செய்தது; ஆனால் நாடிகளைக் காக்கவில்லை. இன்றும் டயலிசிஸ் செய்வோரின் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்கு இதயமும் குருதிக்கலன்களுமே காரணமாகின்றன.

எனவே, ஸ்ரற்றின் கைக்கு வந்ததும் அதனை இவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது இயல்பே. ஜேர்மனியில் நீரிழிவோடு டயலிசிஸும் செய்த 1255 பேரிடத்து நடந்த ஆய்வின் முடிவு 2005 இல் வெளியாயிற்று. தீய கொலஸ்திரோல் நாற்பது வீதத்துக்கு மேற் குறைந்தது. ஆனால் இதயத்தாலும் மூளைக்குருதித் தடையாலும் வந்த கேடுகள் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை. பல நாடுகளில் 2776 பேரிடத்து நடந்த வேறோர் ஆய்வு 2009 இல் வெளியாயிற்று. அங்கும் இலக்கம் இறங்கியது, சாவு இறங்கவில்லை. 9270 சிறுநீரக நோயாளரைக் கொண்ட மூன்றாவது ஆய்வு 2011 இல் வந்தபோது, கொழுப்படைப்பினாலாகும் கேடுகள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்தமை தெரிந்தது. ஆனால் அவருட் பெரும்பாலோர் இன்னும் டயலிசிஸை அடையாதவர்கள். இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பன்னாட்டுச் சிறுநீரக வைத்தியர் குழு 2013 இல் ஒரு வழிகாட்டலைத் தந்தது. டயலிசிஸ் தொடங்கிவிட்டவருக்குப் புதிதாக ஸ்ரற்றினைத் தொடங்கவேண்டியதில்லை; முன்னரே எடுத்துவந்தவர் அதனைத் தொடரலாம் என்பதே அதன் சாரம். காலம் தவறாது கொடுத்தால் உதவும் மருந்து, காலம் கடந்தபின் உதவுவது அரிது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

காலம் கடந்தபின் நாடியில் நிகழ்வது யாது? வயலும் வாய்க்காலும் அறிந்தவருக்கு இதனை விளக்குதல் எளிது. வாய்க்காலின் உட்புறத்தே வண்டல் படிந்து நீர் தடைப்படுதல் ஒருவகைக் கேடு. கொழுப்பு நாடியின் உட்சுவரிற் படிதல் இத்தகையது. வாய்க்காலின் வரம்பே கல்லாக இறுகிவிடுதல் மற்றொருவகைக் கேடு. இரண்டாவதில் வாய்க்கால் அடைபடுவதில்லை, நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் நாடி என்பது மண் வாய்க்கால் அன்று. இதயம் துடிக்குந்தோறும் அது சற்றே விரிந்து குருதியை ஏற்று, பின்னர் சுருங்கி அதனை முன்தள்ளும் இயல்புடையது. அதன் நடுச்சுவரிலே கல்சியமும் பொசுபரசும் சேர்ந்து சுண்ணமாய்ப் படியுமாயின் அவ்விரிவு நின்றுபோகும். பின்னர் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இறுகிய குழாய்க்கெதிராகக் குருதியைத் தள்ளவேண்டும். அதன் தசை தடிக்கும். தடித்த தசைக்கு வேண்டிய குருதி போதாமற் போகும். ஒரு நாள் துடிப்பின் ஒழுங்கு குலையும். வலைஞரின் உறக்கத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதாயிருக்கலாம். அவர் கொழுப்பை உண்டதனால் இறந்தார் என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இருக்கவில்லை.

நடுச்சுவரின் இந்த இறுக்கத்தினை ஜேர்மனிய வைத்தியர் மென்கெபேர்க் 1903 ஆம் ஆண்டிலேயே விவரித்தார். நெடுங்காலம் அது முதுமையின் இயல்பான தேய்வு எனவே கருதப்பட்டது. இன்று அறிந்திருப்பதோ வேறு. குருதியிற் பொசுபரசு மிகும்போது, நாடிச்சுவரின் தசைக்கலங்கள் தம் தொழிலை மறந்து எலும்பாக்கும் கலங்களைப்போல நடக்கத் தொடங்குகின்றன. நாடி தானே எலும்பாக முயல்கின்றது எனலாம். இதற்கு வயது ஒரு தடையன்று. 2000 ஆம் ஆண்டிலே வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், டயலிசிஸ் செய்துவந்த இருபது முதல் முப்பது வயதுக்குட்பட்டோர் 16 பேரில் 14 பேருடைய இதய நாடிகளிற் சுண்ணம் படிந்திருந்தது. பல்கலைக்கழக வகுப்பொன்றில் அமர்ந்திருக்கக்கூடிய வயதினர் அவர்கள்.

பொசுபரசு ஏன் மிகுகின்றது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உணவில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பொசுபரசு உண்டு. அதிற் குடல் உள்வாங்குவது 600 எனக் கொண்டால், ஒரு கிழமைக்கு 4200 ஆகின்றது. நல்ல சிறுநீரகம் அதனை நாள்தோறும் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். இயந்திரமோ ஒருமுறைக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராமையே அகற்ற வல்லது. கிழமைக்கு இருமுறை செல்பவருக்கு 1600 கழியும். மும்முறை சென்றாலும் 2400 தான். எஞ்சியது உடலிலே தங்கும். வரவு மிகுந்து செலவு குறைந்த இக்கணக்கின் மிச்சமே நாடியிற் சுண்ணமாய்ப் படிகின்றது. இதனை ஈடுசெய்யவே, உணவிலுள்ள பொசுபரசைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரைகளை வைத்தியர்கள் கொடுக்கின்றனர். கல்சியம் காபனேற்று அவற்றுள் ஒன்று. அது சோற்றோடு சோறாக வயிற்றில் இருந்தாலன்றித் தன் தொழிலைச் செய்யாது.

வைத்தியர் போடியாரிடம் கேட்ட அடுத்த வினா இதைப்பற்றியதே. “அந்த வெள்ளைக் குளிசையை எப்ப போடுறீங்க, ஐயா?” போடியார் இரவிலே, எல்லாக் குளிசைகளையும் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து, படுக்குமுன் விழுங்கிவந்தார். வெறும் வயிற்றிற் சென்ற குளிசை பொசுபரசைப் பிடிக்கவில்லை. அதன் கல்சியமோ குருதியில் ஏறிற்று. சுண்ணத்தைத் தடுக்கக் கொடுத்த மருந்து சுண்ணத்துக்கே துணையாயிற்று. கருவாட்டின் கதையும் இவ்வாறே முடிந்தது. முள்ளோடு உண்ணும் நெத்தலியில் பொசுபரசு மிகுதி. அதன் உப்போ தாகத்தை வளர்த்து, இரு சிகிச்சைகளுக்கிடையே உடலில் நீரைத் தேக்கி, குருதியமுக்கத்தை உயர்த்துவது. விலக்கிய முட்டையின் வெண்கருவிலோ நல்ல புரதம் நிறைந்திருக்க, பொசுபரசு மிகக் குறைவு. தேங்காயிற் கொலஸ்திரோல் என்பதே கிடையாது. அது தாவர உணவுகளிற் காணப்படும் பொருளன்று. தேங்காய்ப்பாலின் நிரம்பிய கொழுப்பும், இந்நோயாளருக்கு அஞ்சத்தக்க பொற்றாசியமும் கருதி அளவோடு கொள்ளவேண்டும் என்பதே உண்மை. எண்ணெயை அஞ்சிய வீடு உப்பையும் முள்ளையும் உறவாக்கிக்கொண்டது. அன்பினாற் செய்த பிழை அது, ஆயினும் பிழையே.

அதனினும் பெரிய பிழை பசியிலிருந்தது. இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் 6 முதல் 12 கிராம் வரையான அமினோ அமிலங்கள் கழிவோடு கழிந்து செல்லும். ஆகவே டயலிசிஸ் செய்பவருக்குப் பிறரினும் மிகுந்த புரதம் வேண்டும். உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். அது கிடையாதபோது உடல் தன் தசையையே உண்ணத் தொடங்கும். அப்போது கொலஸ்திரோலும் தானாகவே இறங்கும். டயலிசிஸ் நோயாளரிடத்துக் கொலஸ்திரோல் மிகக் குறைந்தவர்களே விரைவில் இறக்கின்றனர் என்று பல ஆய்வுகள் கண்டு வியந்தன. குறைந்த கொலஸ்திரோல் அவர்களைக் கொல்லவில்லை. போதாத உணவும் உடலின் உள்ளே ஓயாது கனலும் அழற்சியுமே ஒரு புறம் அவ்விலக்கத்தை இறக்கி, மறுபுறம் உயிரையும் இறக்கின. வெள்ளம் வடிந்து வாவியின் மட்டம் இறங்குவதும் உண்டு. மழையின்றி வரண்டு இறங்குவதும் உண்டு. அளவுகோல் இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் காட்டும். போடியாரின் வீடு வரட்சியைக் கண்டு வெள்ளம் வடிந்தது என மகிழ்ந்திருந்தது.

வைத்தியர் பின்னர் ஒரு படத்தினை வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். வயலிலே முள் குத்திய பாதத்தின் புண் ஆறாதிருந்தமையால் எடுத்த ஊடுகதிர்ப் படம் அது. சாதாரணமாக அத்தகைய படத்திற் குருதிக் குழாய்கள் தோன்றுவதில்லை; எலும்புகள் மாத்திரமே தெரியும். அவருடைய படத்திலோ எலும்புகளினிடையே மெல்லிய இரு வெண்கோடுகள், தண்டவாளங்கள்போல இணைந்து ஓடின. “இதென்ன எலும்பு?” என்று போடியார் கேட்டார். “எலும்பில்லை ஐயா, இரத்தக்குழாய்” என்றார் வைத்தியர். மகள் அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு எழவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தின் நடுவே, “நான்தானே அப்பா உங்களைப் பட்டினி போட்டனான்” என்று அழுதாள். “நீ என்ன செய்வாய் மனே, எனக்கும் பயந்தானே” என்றார் அவர்.

அடுக்களை மீண்டும் மாறிற்று. வாசலுக்கு வந்த மீன் உள்ளே சென்றது. முள் நீக்கிய மீன்துண்டுகளும் அவித்த முட்டையின் வெண்கருவும் இலைக்கு வந்தன. மரக்கறிகளை நறுக்கி, நிறைய நீரில் அவித்து, அந்நீரை வடித்து ஊற்றப் பழகினாள். பொற்றாசியத்தின் ஒரு பகுதி அதனோடு போகும். கிழக்கிலங்கைக்கே பெயர் தந்த சட்டித் தயிரை மாத்திரம் போடியார் பெருமூச்சோடு பிரிந்தார். எருமைப் பாலின் பொசுபரசு மிகுதி என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் வைகாசியிற் கண்ணகி அம்மன் சடங்கு நாளிலே ஒரு கரண்டி உண்பதற்கு வைத்தியரிடம் இசைவு பெற்றுக்கொண்டார். வெள்ளைக் குளிசை படுக்கையருகிலிருந்து உணவுத் தட்டின் அருகே இடம் மாறியது. முதற் பிடி சோற்றோடு அதனைக் கடித்து உண்பது வழக்கமாயிற்று.

இன்னொரு வழக்கமும் அவ்வீட்டில் உண்டு. இயந்திரத்துக்குக் குருதி எடுப்பதற்காகப் போடியாரின் இடக்கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்திருக்கின்றனர். பிறேஷியா, சிமினோ முதலிய அமெரிக்க வைத்தியர்கள் 1966 இல் வெளியிட்ட முறை அது. நாடியின் வேகமான குருதி நாளத்தினுட் பாய்வதால் அவ்விடத்தில் ஓயாத அதிர்வு ஒன்றுண்டு. விரலை வைத்தால் உணரலாம். காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். அது நின்றால் வழி அடைபட்டது என்பது பொருள். இறுகிய நாடி உடையவருக்கு அந்த ஆபத்து மிகுதி. மகள் விடியற்காலையில் தந்தையின் கையிற் காதை வைத்துக் கேட்டபின்னரே அடுப்பை மூட்டுவாள். நிலாக்காலத்தில், கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறு நுனியிற் காதை வைத்து மீன்பாடும் ஓசையைக் கேட்பது அந்நாட்டார் வழக்கம். “எங்கட வீட்டு மீன் பாடுது” என்று அவள் சொன்னால், அன்றைய நாள் நல்ல நாள்.

நான்கு மாதங்களின் பின் வந்த விடைத்தாளில் அல்புமின் 36 ஆக உயர்ந்திருந்தது, பொசுபரசு 5.3 க்கு இறங்கியிருந்தது. கொலஸ்திரோலோ 154. அவ்விலக்கத்தைக் கண்டதும் மகளின் கை பழைய அச்சத்தாற் சற்றே நடுங்கிற்று. “கூடினது நல்லந்தான் மகள், உடம்பு தேறுது” என்று தந்தை அவளைத் தேற்றினார். கொழுப்பு ஏறியமைக்காக ஒரு குடும்பம் மகிழ்ந்த விந்தை படுவான்கரையில் நிகழ்ந்தது. ஆயினும் மிகையுரை வேண்டா. நாடியிற் படிந்த சுண்ணத்தைக் கரைக்கும் மருந்து இன்றளவும் கைக்கு வரவில்லை. மேலும் படிவதை மெதுவாக்கலாம், அவ்வளவே. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல் இவ்வுடற் கணக்கைப் பெரிதும் திருத்தும். அது எல்லாருக்கும் கிட்டுவதன்று. போடியார் இதனை அறிவார். அவ்வறிவோடேயே பாலத்தைக் கடக்கின்றார்.

இவ்வரலாற்றிலே குற்றவாளி என்று எவரையும் சுட்ட இயலாது. செத்தவீட்டிற் பேசிய உறவினர் தாம் படித்ததையே சொன்னார். மகள் கேட்டதையே செய்தாள். குறை, அறிவு பாதி வழியில் நின்றமையில் இருந்தது. ‘கொழுப்பு நாடியை அடைக்கும்’ என்னும் முதல் வாக்கியம் தமிழிலே ஊர்தோறும் சென்று சேர்ந்துவிட்டது. ‘சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு நாடியின் பகை வேறு, அவர் பட்டினி கிடத்தலாகாது’ என்னும் இரண்டாம் வாக்கியம் ஆங்கில நூல்களிலும் வைத்தியரின் அவசரப் பேச்சிலும் தங்கிவிட்டது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்று 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் செய்து காட்டினார். மாணவரின் துணையோடு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்புக் கல்லடியிலே சமாதி கொண்ட விபுலானந்த அடிகள், அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றார். சொற்கள் இன்று குறைவின்றி உள்ளன. அச்சொற்களைச் சோற்றுத் தட்டின் அருகே கொண்டுசென்று வைக்கும் பணியே எஞ்சியிருக்கின்றது. கலைப்பீடத்தில் தமிழ் பயில்வோருக்கும் அதிற் பங்குண்டு. அது வைத்தியருக்கு மாத்திரம் உரிய கடனன்று.

விடியுமுன் மண்முனைப் பாலத்தில் முச்சக்கரவண்டி ஒன்று செல்கின்றது. பின்னிருக்கையில் மகளின் மடியில் ஒரு சிறு சோற்றுப் பெட்டி. அதனுள் சோறும் மீனும் இரண்டு முட்டையின் வெண்கருவும் இருக்கின்றன. தாளில் மடித்த வெள்ளைக் குளிசையும் அவற்றோடு இருக்கின்றது. போடியார் இடக்கையை வலக்கையாற் பொத்திப் பிடித்தபடி வாவியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். நீரின்மேல் வலைஞரின் தோணிகளில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. எதிரே, எழுவான்கரையில், வெளிச்சம் மெல்லப் பரவுகின்றது.